புல்லட் வேகம் அளக்க எந்த ராடார் க்ரோனோ வாங்கலாம், ரெண்டு கைல இருந்தா எப்படி ஒப்பிட்டுப் பாக்குறது

லாங் ரேஞ்ச் சுடுறவங்க, வீட்ல ரீலோடிங் (பவுடரும் புல்லட்டும் போட்டு தோட்டாவ தாங்களே தயார் பண்றது) பண்றவங்க, யூஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்க சுடுபோட்டி அமைப்பு) பிஸ்டல் மேட்ச் ஆடுறவங்க, யாரப் பாத்தாலும் இப்ப அமெரிக்க ரேஞ்சுகள்ல ஓடுற பேச்சு இதுதான், ராடார் க்ரோனோவுல (புல்லட் வேகத்த ராடார் வச்சு அளக்குற கருவி) கார்மின் வாங்கலாமா, லேப்ராடார் வாங்கலாமா, இல்ல அதவிட விலை கம்மியா வந்திருக்க ஆத்லான் போதுமா. பேச ஆரம்பிச்சா உடனே துல்லியம் பத்திதான் வாதம் போகும். நான் சொல்றது என்னன்னா துல்லியத்த வச்சு முடிவு பண்ற காலம் போயிடுச்சு. கார்மினும் லேப்ராடாரும் ரெண்டுமே 0.1 சதவீதம்னு சொல்றாங்க, அதாவது 2,700 எஃப்பிஎஸ்ல (நொடிக்கு இத்தனை அடி) முன்ன பின்ன 2.7 எஃப்பிஎஸ். உங்க தோட்டாவுக்குத் தோட்டா இருக்குற வித்தியாசமே அதவிடப் பெருசு. அதனால எது உங்க துப்பாக்கிக்கும் உங்க ரேஞ்சுக்கும் ஒத்துவரும், ஒரு ஷாட்டும் விடாம எது பிடிக்கும், அதப் பாருங்க.

வேகம் ஏன் இவ்ளோ முக்கியம்னு புதுசா வந்தவங்களுக்காக ஒரு கணக்கு. 6.5 க்ரீட்மோர்ங்கற ரைஃபிள் தோட்டால 140 கிரெய்ன் (புல்லட் எடைய சொல்ற அளவு) புல்லட், 2,700 எஃப்பிஎஸ்னு வச்சுக்குங்க. பேரல் முனைல வேகம் 10 எஃப்பிஎஸ் குறைஞ்சா 1,000 யார்டுல புல்லட் சுமாரா 2ல இருந்து 3 அங்குலம் கீழ போய் விழும். எஃப்-கிளாஸ் (ரைஃபிள தாங்கி வச்சு சுடுற லாங் ரேஞ்ச் போட்டி) போட்டில அந்த தூரத்துக்கு 10 ரிங்கோட விட்டமே 10 அங்குலம்தான், எக்ஸ் ரிங் 5 அங்குலம். உங்க தோட்டாவுல வேகமானதுக்கும் மெதுவானதுக்கும் 30 எஃப்பிஎஸ் வித்தியாசம் இருந்தா, காத்தே இல்லாத நாள்ல, கை ஆடாம சுட்டாலும், மேல கீழ மட்டும் 7, 8 அங்குலம் பரவிடும். இத ஸ்கோப் திருகி சரி பண்ண முடியாது, பவுடர் அளவுலயும் ப்ரைமர்லயும் (பவுடர பத்த வைக்கிற பாகம்) கேஸ் (தோட்டாவோட உலோகக் கூடு) தயாரிப்புலயும்தான் சரி பண்ணணும், அதுக்கு முதல்ல நம்பகமா அளக்கணும்.

ராடார் உள்ள என்ன நடக்குது

பழைய ஆப்டிகல் க்ரோனோவுல ரெண்டு சென்சார் மேல புல்லட் நிழல் கடக்குற நேரத்த எண்ணுவாங்க. துப்பாக்கிக்கு 10, 15 அடி முன்னாடி ஸ்டாண்ட் போட்டு நிறுத்தணும், அதுக்கு ரேஞ்ச் மொத்தமும் சுடுறத நிறுத்தி எல்லாரும் துப்பாக்கிய கீழ வைக்கிற வரைக்கும் காத்திருக்கணும், வெயில் சாஞ்சா ரீடிங் மாறும், உள்ளரங்க லைட்ல சில மாடல் வேலையே செய்யாது, ஸ்கோப் உயரத்த மறந்துட்டு க்ரோனோவையே சுட்டவங்க நிறைய பேரு. மேக்னெட்டோஸ்பீட்ங்கற க்ரோனோ அந்தத் தொல்லைய ஒழிச்சுது, பேரல்லயே பட்டை போட்டுக் கட்டிடலாம். ஆனா பேரல்ல எடை தொங்குனா அது அதிர்ற விதம் மாறி குறி வேற இடத்துல விழும், அதனால வேகத்தையும் க்ரூப்பையும் (குறில ஓட்டைங்க எவ்ளோ நெருக்கமா விழுதுங்கறது) ஒரே சமயத்துல பாக்க முடியாது.

ராடார்ல இந்த ரெண்டு பிரச்சனையும் இல்ல. துப்பாக்கி பக்கத்துலயே உக்காந்து 24 கிகாஹெர்ட்ஸ் வாக்குல நுண்ணலைய முன்னாடி அனுப்பும், பறந்து போற புல்லட்டோட பின்பக்கத்துல பட்டு அலை திரும்பும், தூரமா போற பொருள்ல இருந்து திரும்புறதால அதிர்வெண் கொஞ்சம் குறையும், அந்தக் குறைவுதான் டாப்ளர் மாற்றம். நொடிக்கு 900 மீட்டர்ல போற புல்லட்டுக்கு இது கிட்டத்தட்ட 144 கிலோஹெர்ட்ஸ் வரும், சின்ன கருவியே சுலபமா எண்ணிடும். முக்கியமான விஷயம், ராடார் பேரல் முனைல நேரடியா அளக்குறது இல்ல. புல்லட் கொஞ்ச தூரம் போற வரைக்கும் பல புள்ளில வேகத்த எடுத்து, அது குறையுற கோட்டைப் பின்னாடி இழுத்து, முனைல இவ்ளோ இருந்திருக்கணும்னு கணக்குப் போடுது. .308ங்கற ரைஃபிள் தோட்டால 175 கிரெய்ன் புல்லட் ஆரம்பத்துல ஒரு யார்டுக்கு 2 எஃப்பிஎஸ் கிட்ட இழக்கும், அதனால 15 அடி தள்ளி இருக்க ஆப்டிகல் க்ரோனோ ராடார விட 9, 10 எஃப்பிஎஸ் கம்மியா காட்டுனா ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதுனு நினைக்காதீங்க, ரெண்டும் வேற வேற இடத்துல அளக்குது.

கோணப் பிழைனு ஒண்ணும் இருக்கு. ராடார் புல்லட் பாதைக்குப் பக்கவாட்டுல இருக்கறதால, தன்ன விட்டு விலகுற வேகத்த மட்டும்தான் அது பாக்கும். 30 செமீ தள்ளி வச்சு, புல்லட் 5 மீட்டர்ல இருக்கும்போது அளந்தா கோணம் 3.4 டிகிரி, வேகம் 0.18 சதவீதம் கம்மியா தெரியும், அதாவது 2,700ல கிட்டத்தட்ட 5 எஃப்பிஎஸ். 15 செமீ தள்ளி வச்சு, புல்லட் 10 மீட்டர் தாண்டுன பிறகு பாத்தா 0.01 சதவீதம்தான், கண்டுக்கவே வேண்டாம். கருவி இதையெல்லாம் உள்ளேயே திருத்திக்கும், ஆனா கையேட்டுல சொன்ன தூரத்துக்குள்ள வச்சாத்தான் அந்தத் திருத்தம் சரியா இருக்கும். லேப்ராடார்ல எத்தன அங்குலம் தள்ளி வச்சிருக்கீங்கன்னு நீங்களே மெனுவுல கொடுக்கணும்.

ஒவ்வொண்ணா பாக்கலாம்

லேப்ராடார் முதல்ல வந்தது, 2015 வாக்குல. கனடா, கியூபெக்ல இருக்க இன்ஃபினிஷன் கம்பெனியோடது, அவங்க ராணுவ சோதனை மைதானத்துக்கு டாப்ளர் ராடார் செய்யறவங்க. ஆரஞ்சு கலர்ல பெரிய தட்டு மாதிரி இருக்கும், பெஞ்ச்ல தனி ஸ்டாண்ட் போட்டு நிறுத்தணும், குறிப் பலகைய நோக்கி மேல இருக்க பள்ளத்துல கண்ண வச்சு நேர்படுத்தணும், கோணல் ஆச்சுன்னா புல்லட்ட பிடிக்காது. 6 ஏஏ பேட்டரி போடலாம் ஆனா சீக்கிரம் தின்னுடும், பவர் பேங்க் கொண்டு போறதுதான் நல்லது. சத்தத்த மைக்ல கேட்டுத்தான் அளக்க ஆரம்பிக்கும், இதுதான் அதோட பெரிய தலைவலி, ஏன்னா பக்கத்து பெஞ்ச்காரர் மஸில் பிரேக் (பேரல் முனைல மாட்டி துப்பாக்கி உதைய குறைக்கிற துண்டு) போட்ட மேக்னம் ரைஃபிள் சுட்டா உங்க லேப்ராடார் முழிச்சுக்கிட்டு இல்லாத புல்லட்ட தேடும். அதனாலதான் ரீகாயில் (துப்பாக்கி பின்னாடி உதைக்கிற) அதிர்வ உணர்ந்து லேப்ராடார தொடங்க வைக்கிற ட்ரிகர் கருவிகள வேற கம்பெனிங்க செஞ்சு வித்தாங்க, பழைய லேப்ராடார் வச்சிருக்கவங்க அத ஒண்ணு வாங்கிக்கிட்டா நிம்மதி.

இவ்ளோ குறை சொன்னாலும் அதுக்கிட்ட ஒரு தனித் திறமை இருக்கு. புல்லட்ட தூரம் வரைக்கும் தொடரும், பெரிய காலிபரா இருந்தா 100 யார்டு பக்கம் கூட போகும், நீங்க குறிச்சுக் கொடுக்குற 5 தூரத்துல வேகத்த காட்டும், எஸ்டி கார்டுல எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கும். புல்லட்டோட பிசி, அதாவது காத்த எவ்ளோ சமாளிக்குதுங்கற எண், அத நீங்களே சரிபாக்கணும்னா இது பெரிய உதவி. சொந்தமா புல்லட் வார்க்குறவங்க, டப்பால எழுதுன பிசிய நம்பாதவங்க இதைக் கைவிட மாட்டாங்க. இன்னொண்ணு, இது 3,900 எஃப்பிஎஸ் வரைக்கும்தான். .204 ரூகர், .22-250 மாதிரி லேசான புல்லட்ட 4,000க்கு மேல தள்ளுற காலிபர் வச்சு ப்ரெய்ரி டாக் வேட்டைக்குப் போறவங்களுக்கு இது பத்தாது.

2023 கடைசில கார்மின் ஸீரோ சி1 ப்ரோ வந்ததும் சந்தையே தலைகீழா மாறுச்சு. வந்தப்ப விலை 600 டாலர், சட்டைப் பைல போடலாம், சின்ன முக்காலி கூடவே வருது, யூஎஸ்பி-சில சார்ஜ், தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, 100ல இருந்து 5,000 எஃப்பிஎஸ் வரைக்கும் அளக்கும். சத்தத்துக்காகக் காத்திருக்காம புல்லட்டையே பாத்து எடுத்துக்குது, அதனால பக்கத்து ஆளு சுட்டாலும் பெரும்பாலும் குழம்பாது. ரைஃபிளா பிஸ்டலா வில்லா ஏர் ரைஃபிளானு தேர்ந்தெடுத்து, புல்லட் எடை போட்டு, குறி பக்கம் திருப்பி வச்சா போதும். சராசரி, எஸ்டி (நியம விலகல், ஷாட்டுங்க சராசரில இருந்து எவ்ளோ விலகுதுங்கற எண்), பரவல் (வேகமானதுக்கும் மெதுவானதுக்கும் உள்ள வித்தியாசம்), ஆற்றல், பவர் ஃபேக்டர் எல்லாம் திரையிலயே வரும், ஃபோன் ஆப்ல இருந்து பட்டியலா எடுத்துக்கலாம். அது செய்யாத வேலை ஒண்ணு, தூரத்துல வேகம் என்னங்கறத சொல்லாது, முனை வேகம் மட்டும்தான்.

கார்மின் ஓடுனத பாத்து மத்தவங்களும் சின்ன சைஸ்ல இறங்கிட்டாங்க. லேப்ராடாரே எல்எக்ஸ்னு கைக்கடக்கமா ஒண்ணு விட்டாங்க, ஆத்லான் ரேஞ்ச்க்ராஃப்ட் வெலாசிட்டி ப்ரோ கார்மின விட கம்மி விலைக்குக் கிடைக்குது, கால்டுவெல்லும் வெலாசிராடார்னு ஒண்ணு வச்சிருக்காங்க. புதுசா வாங்குறவங்க பட்ஜெட் இடிச்சா ஆத்லான் வாங்குங்க, வெறும் முனை வேகம் அளக்க அது தாராளம். பணம் இருக்குன்னா கார்மின், காரணம் எண்ணுல இல்ல, பழக்கத்துல. பைல இருந்து எடுத்து வச்சு ஆன் பண்ற வேலை ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சா ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டுப் போவீங்க, ஸ்டாண்ட், கேபிள், பவர் பேங்க்னு இழுத்தா ரெண்டு மாசத்துல அது அலமாரிக்குப் போயிடும்.

வைக்கிற விதம்

சின்ன ராடார பேரல் முனைக்குக் கொஞ்சம் பின்னாடி, பக்கவாட்டுல 5ல இருந்து 15 அங்குலத்துக்குள்ள வைங்க. முனைக்கு முன்னாடி எதையும் வைக்காதீங்க, அப்படி வைக்கத்தான் வேணும்னா ரேஞ்ச் முழுக்க சுடுறது நின்னு, துப்பாக்கி காலியாகி, போல்ட் திறந்த பிறகு மட்டும். மஸில் பிரேக் இருந்தா வெடிக்காத்து பக்கவாட்டுல அடிக்கும், அந்த வீச்சுல ராடார் இருந்தா முக்காலியோட கவுந்துடும், அதனால இன்னும் பின்னாடி இழுத்து, முக்காலி காலுக்கு மணல் பை கொடுங்க. சப்ரெஸர் (சத்தத்த குறைக்க முனைல மாட்டுற குழாய்) போட்டிருந்தா முனைங்கறது சப்ரெஸரோட முன்பக்கம், பேரல் முடியற இடம் இல்ல, இத மறந்துட்டு ராடார் ஷாட்ட விடுதுன்னு புலம்புறவங்க உண்டு.

பெஞ்சுகளுக்கு நடுவுல தடுப்பு இருக்க ரேஞ்ச்ல ராடார் முகம் தடுப்புக்கு வெளிய எட்டிப் பாக்குதான்னு கவனிங்க. இரும்புத் தூணோ தகரமோ நேர முன்னாடி நின்னா அலை அதுல பட்டுத் திரும்பி சிக்னலக் கெடுக்கும். வெயில் காலத்துல தோட்டா டப்பாவ நிழல்ல வைங்க, பவுடர் சூடானா வேகம் ஏறும், அப்பறம் காலைல எடுத்த எண்ணும் மதியம் எடுத்த எண்ணும் ஒத்துப்போகல, கருவி சரியில்லன்னு சண்டை போடுவீங்க.

ரெண்டு ராடார ஒப்பிடுறது

நிறைய பேரு இத தப்பா செய்யறாங்க. இன்னைக்கு லேப்ராடார்ல 10 சுட்டேன் 2,695 வந்துச்சு, அடுத்த வாரம் கார்மின்ல 10 சுட்டேன் 2,706 வந்துச்சு, அதனால கார்மின் 11 கூட காட்டுதுங்கறாங்க. வேற தோட்டா, வேற வெப்பநிலை, பேரல் அழுக்கும் வேற, இதுல கருவியோட பங்கு எவ்ளோன்னு யாரால பிரிக்க முடியும்? ஒரே புல்லட்ட ரெண்டு கருவியும் ஒரே நேரத்துல பாக்கணும், அது மட்டும்தான் ஒப்பீடு.

துப்பாக்கிக்கு இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, அதது கையேட்டுல சொன்ன தூரத்துல வைங்க. ரெண்டும் ஒரே அலைவரிசைக்குப் பக்கத்துல வேலை செய்யறதால ஒண்ணு இன்னொண்ணு முகத்துக்கு நேரா பாக்காம இருக்கணும், லேப்ராடார்ல சேனல் மாத்துற வசதி இருக்கு, ரீடிங் தாறுமாறா வந்தா அத மாத்திப் பாருங்க. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அப்பறம் ரெண்டு எண்ணையும் பக்கத்து பக்கத்துல நோட்டுல எழுதுங்க, ஒண்ணு விட்டுப்போனா அந்த வரியில கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க, ஏன்னா நடுவுல ஒண்ணு விட்டுட்டு வரிசைய அப்படியே சேத்தா மொத்த ஒப்பீடும் ஒரு படி நகந்து பாழாயிடும்.

உதாரணத்துக்கு முதல் கருவில 2,702, 2,711, 2,695, 2,708, 2,699 வந்துச்சு, ரெண்டாவதுல 2,700, 2,708, 2,693, 2,705, 2,697 வந்துச்சுன்னு வைங்க. சராசரி 2,703.0, 2,700.6. எஸ்டி 6.5, 6.0. பாக்க வேண்டியது அது இல்ல, வரிக்கு வரி கழிச்சுப் பாருங்க: 2, 3, 2, 3, 2. முதல் கருவி எப்பவும் 2.4 எஃப்பிஎஸ் கூட காட்டுது, அதுவும் சீரா. இந்த மாதிரி ஒரே அளவு வித்தியாசம் வந்தா ரெண்டு கருவியும் நல்ல கருவி, 2.4ங்கறது 2,700ல 0.09 சதவீதம்தான், கம்பெனி சொன்ன அளவுக்குள்ளதான் இருக்கு. கழிச்ச எண் 2, மைனஸ் 9, 14, 1னு குதிச்சா மட்டும் ஏதோ ஒண்ணு தப்பு, பெரும்பாலும் வச்ச இடம், அப்பறம் நேர்படுத்தினது, கடைசியாத்தான் கருவி. இடது வலது மாத்தி வச்சு இன்னொரு தடவை சுடுங்க, வித்தியாசம் கருவியோட போகுதா இடத்தோட நிக்குதான்னு அப்ப தெரிஞ்சிடும்.

எத்தன ஷாட்? கருவிய ஒப்பிட 10 ஜோடி போதும். ஆனா தோட்டாவோட எஸ்டிய தெரிஞ்சுக்க 5, 10 எல்லாம் பத்தாது. 5 ஷாட்ல எஸ்டி 10னு வந்தா உண்மையான எஸ்டி 6ல இருந்து 29 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், 95 சதவீத நம்பிக்கைல சொல்ற கணக்கு அது. 10 ஷாட்டுன்னா 7ல இருந்து 18, 20 ஷாட்டுன்னா 7.6ல இருந்து 14.6. மூணு ஷாட் சுட்டுட்டு எஸ்டி 2னு படம் எடுத்துப் போடுறவங்கள நம்பி உங்க லோட (நீங்க போடுற பவுடர், புல்லட் சேர்க்கைய) மாத்தாதீங்க. பரவலும் அப்படித்தான், ஷாட் எண்ணிக்கை கூடக் கூட அது பெருசாகிட்டே போகும், அதனால 5 ஷாட் பரவலையும் 20 ஷாட் பரவலையும் பக்கத்துல வச்சுப் பேசவே கூடாது.

எதிர்பார்த்தத விட வேகம் ரொம்ப அதிகமா வந்தா சந்தோஷப்படாதீங்க. ரீலோடிங் கையேட்டுல அதிகபட்ச பவுடருக்குக் கொடுத்த வேகத்த நீங்க கம்மி பவுடர்லயே தொட்டுட்டா அழுத்தம் ஏறியிருக்குன்னு எடுத்துக்கிட்டு நிறுத்துங்க, தராசையும் பவுடர் டப்பா லேபிளையும் சரிபாத்துட்டுத்தான் அடுத்தது.

பிஸ்டலும் ஏர் ரைஃபிளும்

யூஎஸ்பிஎஸ்ஏல பவர் ஃபேக்டர்ங்கறது புல்லட் எடைய வேகத்தால பெருக்கி 1,000ஆல வகுக்குறது. மைனர்ங்கற பிரிவுக்கு 125 வேணும். 9 எம்எம்ல 124 கிரெய்ன்னா 1,009 எஃப்பிஎஸ் இருந்தா விளிம்புல தப்பிக்கலாம், ஆனா மேட்ச்ல அவங்க க்ரோனோ வேற, அன்னைக்குக் குளிர் வேற, அதனால உங்க ராடார்ல சராசரி 1,050 வர்ற மாதிரி வச்சுக்குங்க, 130 வரும், பயமில்லாம போகலாம்.

ஏர் ரைஃபிள்ல இது சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம். இங்கிலாந்து, வேல்ஸ்ல லைசன்ஸ் இல்லாம வச்சுக்க 12 ஃபுட் பவுண்டு (முனைல பெல்லட்டோட ஆற்றல்) எல்லை. கணக்கு, பெல்லட் எடை கிரெய்ன்ல, அத வேகத்தோட வர்க்கத்தால பெருக்கி 450,240ஆல வகுக்கணும். 8.44 கிரெய்ன் பெல்லட் 790 எஃப்பிஎஸ்ல 11.7, அதே பெல்லட் 800ல போனா 12ஐ தொட்டு நிக்குது. 10 எஃப்பிஎஸ்தான் நடுவுல. கருவியோட 0.1 சதவீதம் இங்க 0.8 எஃப்பிஎஸ், அதனால ராடார நம்பலாம், ஆனா எல்லைல நிக்காதீங்க, லேசான பெல்லட்டும் கனமான பெல்லட்டும் ரெண்டையும் போட்டு அளந்துடுங்க, ஒண்ணுல உள்ள இருந்து இன்னொண்ணுல வெளிய போற ரைஃபிள் நிறைய இருக்கு. இந்தியால 2016 ஆயுத விதிகள்படி .177 காலிபர்ல 20 ஜூல் வரைக்கும்தான் லைசன்ஸ் வேண்டாம், ஜூலுக்கு மாத்த ஃபுட் பவுண்ட 1.356ஆல பெருக்குங்க, அந்தக் கணக்குல 20 ஜூல்ங்கறது 14.75 ஃபுட் பவுண்டு. ஏர் ரைஃபிள் சத்தம் லேப்ராடார் மைக்குக்கு எட்டாம போகும், தனி மைக் ஒண்ண பேரல் பக்கத்துல வைக்கணும். கார்மின்ல ஏர் ரைஃபிள்னு தேர்ந்தெடுத்தா முடிஞ்சுது. எஃப்எக்ஸ் பாக்கெட் க்ரோனோவும் ஏர் ரைஃபிள்காரங்க கைல நிறைய பாக்கலாம், அது ஃபோனோட சேந்துதான் வேலை செய்யும்.

பழைய லேப்ராடார் இப்ப செகண்ட்ஹேண்ட்ல நல்லா விலை இறங்கி வருது, பிசி அளக்குற ஆசை இருந்தா தயங்காம வாங்குங்க. விக்கிறவரோட ரேஞ்சுக்குப் போய், பவர் பேங்க்ல இயக்கி, ஒரு .22ல 10 சுடச் சொல்லுங்க. சின்ன புல்லட்டுல பத்தையும் பிடிச்சிட்டா பெரிய காலிபர்ல தொல்லை இருக்காது. எஸ்டி கார்டு பதியுதா, யூஎஸ்பி வாசல் ஆடுதான்னு பாத்துட்டு காசு கொடுங்க.

எந்தக் கருவியா இருந்தாலும் வேகத்த எழுதும்போது பக்கத்துல வெப்பநிலைய எழுதுங்க, பவுடர் லாட் நம்பரையும் சேத்து. பாலிஸ்டிக் ஆப்ல (புல்லட் எங்க விழும்னு கணக்குப் போடுற ஃபோன் ஆப்) 2,703னு மட்டும் போட்டு ஜூலைல ஸீரோ பண்ணிட்டு (ஸ்கோப்ப குறிக்கு சரிபண்ணிட்டு) நவம்பர்ல மான் வேட்டைக்குப் போனா அந்த எண் அங்க செல்லாது, 35 டிகிரில 2,703, 2 டிகிரில எவ்ளோங்கறத குளிர்ல ஒரு காலை போய் அளந்து ரெண்டையும் ஆப்ல கொடுத்தா நடுவுல இருக்கறத அதுவே போட்டுக்கும்.